பாயிலிருந்து கக்கூசு வரைக்கும்

(தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கூடிய குடும்பக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் பேசியது. பெரும்பாலும் பேசியபடியே தரப்படுகிறது.)



பின்நேரக் கொழுந்தை நிறுத்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். வீட்டில் இன்னும் அடுப்புப் பத்த வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளை வளர்ப்பு, போஷாக்கு, தடுப்பூசி என்று இந்த இடத்தில் எத்தனையோ முறை பேசியாகிவிட்டது. இன்றைக்கு வீட்டில் இருக்கிற வயசானவங்களைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். அதற்கு முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டுப் பாட்டி, தாத்தா, பின்நேரம் ஐந்து மணிக்குப் பிறகு ஏதாவது குடிக்கிறார்களா?

பாருங்கள், இங்கேயே நாலைந்து பேர் தலையை ஆட்டுகிறீர்கள். "குடுத்தா வேணாங்கிறாங்க" என்கிறீர்கள். லயத்துக்கு லயம் இதே பதில்தான். தேத்தண்ணி என்றால் உயிரை விடுகிற மனுசர், காலையில் மூன்று கோப்பை குடிக்கிறவர், இருட்டுகிற நேரம் வந்தால் மட்டும் ஏன் வேண்டாம் என்கிறார்? வயிறு சரியில்லை என்பார், தூக்கம் வராது என்பார். உண்மையான காரணம் அது இல்லை. ராத்திரி எழும்பிக் கக்கூசுக்குப் போகப் பயம். விழுந்துவிடுவோமோ என்று பயம், மருமகளை எழுப்ப வெட்கம், பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்கக்கூடாது என்ற எண்ணம். இதை வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள். தண்ணியை நிறுத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இதனால் என்ன வருகிறது என்று கேளுங்கள். வயசாக வயசாகத் தாகம் தெரிவது குறையும். போதாக்குறைக்கு வேண்டுமென்றே குடிக்காமலும் இருந்தால் உடம்பு காய்ந்துபோகும். மலம் இறுகும். மூத்திரம் மஞ்சளாகி, எரிச்சல் வந்து, அதில் கிருமி தொற்றும். வயசானவங்களுக்கு அந்தத் தொற்று வந்தால் சில சமயம் காய்ச்சலே தெரியாது. திடீரென்று ஆள் மாறிப் பேசுவார், நேற்றுச் செத்தவரைக் கூப்பிடுவார், இருக்கிற இடம் தெரியாமல் முழிப்பார். "பாட்டிக்குப் புத்தி பேதலிச்சிருச்சு", "ஏதோ பிடிச்சிருக்கு" என்று கோயில் பக்கம் கூட்டிக்கொண்டு போகிறோம். கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கே டிஸ்பென்சரிக்கும் கொண்டுபோங்கள். மருந்து கொடுத்தால் தெளிகிற விஷயம் அது. இன்னொன்றும் இருக்கிறது. உடம்பில் தண்ணி குறைந்தவர் எழும்பி நின்றவுடன் தலை சுற்றும். அதாவது விழுந்துவிடுவோம் என்று பயந்து தண்ணியை நிறுத்தியவர், தண்ணி இல்லாததாலேயே விழுகிறார்.

ஆகவே நாம் பேச வேண்டியது தண்ணியைப் பற்றி மட்டும் இல்லை. பாயிலிருந்து கக்கூசு வரைக்கும் இருக்கிற வழியைப் பற்றி. அந்த வழி சீரானால் அவரே தண்ணி கேட்டுக் குடிப்பார்.

இன்றைக்கு ராத்திரி நீங்களே அந்த வழியில் ஒருமுறை நடந்து பாருங்கள். லைட் போடாமல், செருப்பு இல்லாமல், மெதுவாக. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பாயில் படுத்திருக்கிறார். பக்கத்தில் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர், அவர்களைத் தாண்ட வேண்டும். பிறகு மாச் சாக்கு, தண்ணிக் குடம், பள்ளிக்கூடப் பேக். அடுத்து நிலைப்படி. இஸ்தோப்பு. இஸ்தோப்பிலிருந்து இறங்குகிற படி, அதுவும் பாதி உடைந்தது. கான். கானுக்கு மேலே ஒற்றைப் பலகை. அப்புறம் ஈர மண் பாதை, மழை நாளில் பாசி. கடைசியில் கக்கூசு, அங்கே போய்க் குந்த வேண்டும், குந்தினால் எழும்ப வேண்டும். நாற்பது வருசம் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கின முழங்காலோடு இதையெல்லாம் செய்ய வேண்டும்.

ஒரு தோட்டத்தில் நான் இதைச் சொன்னபோது ஒரு பாட்டி எழும்பி, "நாங்க அட்டைக்கடியில, வழுக்குப் பாறையில ஏறினவுக, எங்களுக்கு எதுக்குங்க புடியும் கம்பும்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பெருமை நியாயமான பெருமைதான். அதைக் குறைத்துப் பேச நமக்கு உரிமை இல்லை. அதனால்தான் சொல்கிறேன், "உங்களுக்கு முடியாது, வயசாகிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு ஒன்றும் செய்யாதீர்கள். வீட்டில் எல்லாருக்கும் என்று சொல்லிச் செய்யுங்கள். கைபிடி இருந்தால் வயிற்றுப்பிள்ளைக்காரிக்கும் உதவும், சின்னப் பிள்ளைக்கும் உதவும்.

முதலில் படுக்கை. தரையிலிருந்து எழும்புவதுதான் முழங்காலுக்கு மிகப் பெரிய பாடு. காம்பராவில் கட்டில் போட இடமில்லை என்பீர்கள். எனக்கும் தெரியும். முழுக் கட்டில் வேண்டியதில்லை. ஆள் படுக்கிற அளவுக்கு, இரண்டரை அடி அகலத்தில் ஒரு பலகைத் திட்டுப் போதும். அடியில் மாச் சாக்கு, பெட்டி, பாத்திரம் எல்லாம் வைக்கலாம், அதனால் இடம் மிச்சமும் ஆகும். உயரம்தான் முக்கியம். அதில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும், தொடை தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். தாழ்வான கட்டில் என்றால் காலுக்குக் கீழே மரக்கட்டையில் குழி வெட்டி வையுங்கள். வெறும் செங்கல் வைத்தால் சறுக்கும். அந்தத் திட்டை வாசலுக்குக் கிட்டப் போடுங்கள். நமது வீடுகளில் வயசானவரை உள் மூலைக்குத் தள்ளிவிட்டு வாசல் பக்கம் இளசுகள் படுக்கிறார்கள். குளிர் படாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் செய்கிறதுதான். ஆனால் ராத்திரி இரண்டு தடவை எழும்புகிறவர் அவர். கதவு இடுக்கில் சாக்கைச் சுருட்டி வைத்தால் காற்று நிற்கும்.

தரையில்தான் படுப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களும் உண்டு. அப்படியானால் பாய்க்குக் கீழே ரெஜிபோம் பலகையோ காட்போட் பெட்டியை விரித்தோ போடுங்கள், சீமெந்துக் குளிர் உடம்பில் ஏறாது. எழும்பும்போது நேராக எழும்ப வேண்டாம். ஒரு பக்கம் திரும்பி, முழங்கையை ஊன்றி, நாலு காலில் நின்று, பக்கத்தில் கனமான வாங்கு ஒன்றைப் பிடித்து, பலமான காலை முன்னே வைத்து எழும்பச் சொல்லுங்கள். எழும்பினதும் உடனே நடக்கக் கூடாது. வாங்கிலோ கட்டிலிலோ ஒரு நிமிசம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டுத்தான் நடக்க வேண்டும். பிரஷர் மாத்திரை குடிக்கிறவருக்கு இது மிகவும் அவசியம். அந்த மாத்திரைகளில் மூத்திரம் போக வைக்கிற மாத்திரை ஒன்று இருந்தால், அதை எத்தனை மணிக்குக் குடிப்பது என்று கிளினிக்கில் கேளுங்கள். பொதுவாகக் காலையில் குடிக்கத்தான் சொல்வார்கள். சிலர் எல்லா மாத்திரையையும் ராத்திரிச் சோற்றோடு சேர்த்து முழுங்கிவிட்டு விடிய விடிய எழும்பிக்கொண்டு இருக்கிறார்கள்.

அடுத்தது வெளிச்சம். தலைமாட்டில் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு டோர்ச் லைட்டை நூலில் கட்டித் தொங்க விடுங்கள். தலையணைக்குக் கீழே வைத்தால் தேடும்போது உருண்டுவிடும். கரண்ட் உள்ள வீட்டில் இஸ்தோப்புக்கு ஒரு சின்ன பல்ப் போடுங்கள், இப்போது வருகிற எல்.ஈ.டி. பல்ப் விடிய எரிந்தாலும் பில்லில் பெரிதாகத் தெரியாது. கரண்ட் போகிற நாளில் குப்பி லாம்பைக் கையில் கொடுத்து வயசானவரை அனுப்பாதீர்கள். சேலைத் தலைப்பும் சாரமும் தீப்பிடித்து எத்தனை பேர் வெந்திருக்கிறார்கள். இந்த நாட்டில் விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இப்படி எரிந்து வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், சாய்ந்தாலும் உருளாத, தடித்த கண்ணாடியில் திருகு மூடியோடு குட்டையான ஒரு விளக்கையே செய்தார். 1998-இல் அதற்காக ரோலெக்ஸ் விருது பெற்றார். அந்த மாதிரி விளக்கு இருந்தாலும் அது வைக்கிற இடத்தில் இருக்கட்டும். கையில் கொண்டுபோக டோர்ச்தான்.

நிலைப்படியிலும் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வெள்ளைப் பெயின்ட் இரண்டு விரல் அகலத்துக்கு அடியுங்கள். பெயின்ட் இல்லாவிட்டால் சுண்ணாம்பு. அரை மணி நேர வேலை. கண் மங்கினவருக்குப் படி எங்கே முடிகிறது என்று தெரிவதில்லை, அதில்தான் கால் தவறுகிறது. கண்ணில் வெள்ளை படர்ந்து மங்கியிருந்தால் அது வயசுக்கு வந்தது என்று விட்டுவிடாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் அதற்குச் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். டிஸ்பென்சரியில் துண்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

கைபிடிக்கு வருகிறேன். இஸ்தோப்புப் படியிலிருந்து கக்கூசுக் கதவு வரைக்கும், இடுப்பு உயரத்தில், பிடித்துக்கொண்டே போகக்கூடிய மாதிரி ஒரு வேலி. டர்பன்டைன் கம்பு போதும். மண்ணுக்குள் போகிற பகுதிக்குத் தார் பூசிவிட்டால் சீக்கிரம் உக்காது. கம்பைச் சீவி வழுவழுப்பாக்குங்கள், சிராய் ஏறக் கூடாது. ஒரு லயத்துக்கு ஒரு சிரமதானம் வைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற காரியம். கானுக்கு மேலே இருக்கிற ஒற்றைப் பலகைக்குப் பதிலாக இரண்டு பலகை சேர்த்து அடித்து, அதன் மேல் பழைய சாக்கை இழுத்து ஆணி அடியுங்கள். பாதையில் பிடித்த பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி மணல் தூவுங்கள். உடைந்த படியையும் கானையும் நீங்களே கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை. எழுத்தில் கொடுங்கள், எந்த லயம், எத்தனையாம் காம்பரா, எந்தப் படி என்று எழுதி என்னிடமும் ஒரு பிரதி தாருங்கள். ஆனால் மேசன் பாஸ் வருகிற வரைக்கும் கம்பு நடாமல் இருக்காதீர்கள்.

செருப்பு விஷயம். தேய்ந்துபோன பாட்டா செருப்பைத் "தாத்தாவுக்கு இருக்கட்டும்" என்று ஒதுக்குகிறோம். வழுக்குகிற செருப்பு வீட்டில் யாருக்கும் ஆகாது, அவருக்கு ஆகவே ஆகாது. பின்னால் வார் உள்ள, அடியில் கோடு போட்ட செருப்பு வாங்குங்கள். கொழும்பில் வேலை செய்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. தீபாவளிக்கு வரும்போது பாட்டிக்கு ஸ்வெட்டர் கொண்டுவருகிறீர்கள், சந்தோசம். போன வருசத்து ஸ்வெட்டரும் முந்தின வருசத்து ஸ்வெட்டரும் டிரங்குப் பெட்டிக்குள் மடித்தபடி இருக்கிறது. இந்த முறை ஒரு டோர்ச், ஒரு வார் செருப்பு, ஒரு டின் வெள்ளைப் பெயின்ட் கொண்டுவாருங்கள்.

ஊன்றுகோலை வீட்டிலேயே செய்கிறீர்கள், கொய்யாக் கம்பு நல்ல கம்பு. ஆனால் உயரத்தைப் பார்க்காமல் வெட்டுகிறீர்கள். ஆளை நிமிர்ந்து நிற்கவைத்துக் கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே பிடி வர வேண்டும். நுனிக்கு ரப்பர் மாட்டுங்கள். வலிக்கிற கால் எதுவோ அதற்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நடந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில்.

இப்போது கக்கூசு. இதைப் பேச வெட்கப்பட்டால் காரியம் நடக்காது. குந்த முடியாதவருக்குக் குந்துகிற கக்கூசு ஒரு தண்டனை. தச்சுவேலை தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி, கைவைக்கிற சட்டத்தோடு ஒரு மரக் கதிரை அடித்து, நடுவில் துவாரம் வைத்து, அதைக் குழிக்கு மேலே தூக்கி வைத்துவிடலாம். மற்றவர்கள் போகும்போது எடுத்து ஓரமாக வைக்கலாம். பிளாஸ்டிக் கதிரையில் துளை வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மெல்லிய கதிரை கால் விரிந்து ஆளைக் கவிழ்த்துவிடும், ஆகவே மரமே நல்லது. உள்ளே சுவரில் ஒரு பிடி அடியுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், உள்ளே விழுந்தாலும் கதவைத் திறந்து தூக்கலாம். தாழ்ப்பாளுக்குப் பதிலாக "ஆள் இருக்கு" என்று தெரிய வெளியே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளப் பழக்குங்கள். தண்ணி வாளியை ஒரு கல் மேல் உயர்த்தி வையுங்கள், குனிய வேண்டியதில்லை.

அந்தக் கதிரைக்கு இன்னொரு உபயோகமும் இருக்கிறது. மழை, பனி, காய்ச்சல் உள்ள ராத்திரியில் காம்பராவுக்குள்ளேயே ஒரு மூலையில் வைத்து, அடியில் மூடியுள்ள வாளி வைத்து, பழைய சேலையால் ஒரு திரை கட்டிவிட்டால் அவர் வெளியே போகவே வேண்டாம். "வீட்டுக்குள்ளயா, சாமிப் படம் இருக்கு" என்பீர்கள். ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்கள். வாளியில் கொஞ்சம் தண்ணி ஊற்றி வைத்து, காலையில் கழுவிவிட்டால் நாற்றம் வராது.

காலையில் அந்த வாளியை யார் எடுப்பது? இதுதான் உண்மையான சிக்கல், கதிரை இல்லை. மாமனாரின் வாளியை மருமகள் எடுக்க வேண்டும் என்றால் அவளுக்கும் கஷ்டம், அவருக்கும் தலை குனிவு. அந்த வெட்கத்தில் அவர் கதிரையையே தொட மாட்டார். பிரட்டுக்குப் போவதற்கு முன்னால் சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலைக்கு ஓடுகிறவள் அவள். ஆகவே மகன்மாருக்குச் சொல்கிறேன், தகப்பனின் வாளியை நீங்கள் எடுங்கள். ஐந்து நிமிசம். யாரும் பார்க்காத நேரத்தில் எடுக்க வேண்டும் என்றாலும் சரி, எடுங்கள்.

குளிப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பீலியில் நின்று குளிக்கிற காலம் அவர்களுக்கு முடிந்துவிட்டது என்றால் சண்டைதான் வரும். தினமும் குளிக்க வேண்டியதில்லை. வெயில் ஏறின பிறகு, ஒரு முக்காலியில் உட்காரவைத்து, வாளியில் முதலில் பச்சைத் தண்ணியும் பிறகு சுடுதண்ணியும் ஊற்றிக் கலந்து கொடுங்கள்.

அடுப்பைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். தை மாசிப் பனியில் வயசானவங்க அடுப்படியே கதி என்று கிடப்பார்கள். சீனி வருத்தம் உள்ளவருக்குப் பாதத்தில் சூடு தெரியாமல் போகலாம். கொள்ளிக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு, தோல் வெந்தது தெரியாமலே இருந்து, பிறகு புண்ணாகிக் காலை எடுக்கிற நிலைமைக்கும் வருகிறது. சுடுதண்ணிப் போத்தலைக் காலுக்கு வைப்பதும் அப்படித்தான். மேஸ் போடுங்கள், கம்பளியைச் சுற்றுங்கள், நெருப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்காரவையுங்கள். தினமும் படுக்கும்போது பேரப்பிள்ளை யாராவது டோர்ச் அடித்துத் தாத்தாவின் பாதத்தைப் பார்க்கட்டும். தரையில் இருக்கிற அடுப்பை இடுப்புக்குச் சற்றுக் கீழே வருகிற மாதிரித் திட்டுக் கட்டி ஏற்றி, புகை போக வழி வைத்தால், பகல் முழுக்க அந்தப் புகைக்குள் இருக்கிற பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் இருமல் குறையும்.

வேலையை முழுக்கப் பறித்துவிடாதீர்கள். உங்களில் பாதிப்பேர் மலைக்குப் போக முடிவதே வீட்டில் ஒரு பாட்டி இருப்பதால்தான். ரொட்டிக்கு மாப் பிசைவார், போஞ்சி உடைப்பார், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்குச் சோறு போடுவார். அது இருக்கட்டும். விறகு பிளப்பதும், நிறைகுடம் தூக்குவதும் அவருக்கு வேண்டாம். அவர் எடுக்கிற சாமான்கள் தோளுக்கும் முழங்காலுக்கும் நடுவில் இருக்கிற தட்டில் இருக்கட்டும். உயரத்தில் இருக்கிற டின்னை எடுக்க வாங்கில் ஏறி விழுந்தவர்கள் பலர். குடிக்கிற தண்ணியைச் சின்னப் போத்தல்களில் ஊற்றி வையுங்கள். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் மடங்கிப்போனவருக்கு டம்ளர் பிடிபடாது, பெரிய காது வைத்த கோப்பை கொடுங்கள்.

இவ்வளவும் செய்தும் விழுந்துவிட்டால் என்ன செய்வது? உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். எங்கே நோகிறது என்று கேளுங்கள். இடுப்பு நோகிறது என்றால், ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், இடுப்பெலும்பு உடைந்திருக்கும். எண்ணெய் போட்டு உருவுவதும் இழுத்துப் பார்ப்பதும் கூடவே கூடாது. சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்க வேண்டாம். கம்பளியால் மூடி, 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் காசு இல்லை. வாகனம் லயத்துக்கு ஏறாது என்றால் எந்த இடத்தில் வந்து நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள், கோயிலடியா, ஸ்டோரடியா என்று. பலகையிலோ கதவிலோ படுக்கவைத்து, நாலு பேர் சமமாகத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். சாக்கில் போட்டுத் தூக்காதீர்கள். கிளினிக் கொப்பியையும் மாத்திரைப் பையையும் கூடவே கொண்டுபோங்கள்.

இடுப்பு உடைந்தவர் பல மாதம் படுக்கையில் கிடப்பார். சிலர் அதோடு எழும்புவதில்லை. பார்க்க ஆள் வேண்டுமே என்று மகளோ மருமகளோ வேலைக்கு நிற்பாள். எத்தனை பேர் போகும் என்று உங்களுக்கே கணக்குத் தெரியும். அதோடு பார்த்தால் இரண்டு கம்பும் ஒரு டோர்ச்சும் செலவே இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது மரக் கதிரை ஒன்றைச் செய்து மாதிரிக்குக் கொண்டுவருகிறேன். உட்கார்ந்து பாருங்கள், அளவு எடுத்துக்கொள்ளுங்கள். கதிரை தேவைப்படுகிறவர்கள் பிள்ளைக்காம்பரா அக்காவிடம் லயத்தையும் காம்பரா இலக்கத்தையும் கொடுத்துவிட்டுப் போங்கள். குழியின் அகலத்தையும் ஒரு நூலால் அளந்து, முடிச்சுப் போட்டுக் கொண்டுவாருங்கள். எல்லாக் குழியும் ஒரே அளவு இல்லை.